கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு

கல்லறைக் கல்லில் முகம் செதுக்குகிற தலாந்த் என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம்தான். முகம் நேராகத் தெரிய வேண்டும், வெளிச்சம் நன்றாக விழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். போனில் ஆயிரம் படம் இருக்குமே பைக்கே, இதுக்கு என்ன யோசனை என்றான். மூத்தவர்களை அண்ணன் என்பதற்கு எங்களிடம் பைக்கே. எனக்கும் ஒரு யோசனையும் இல்லை. வீடு கொள்ளாத படம் இருக்கிறதென்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் மனைவி ஜிபார் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. வருஷ நிறைவு விருந்துக்கு முன்னால், பனி விழுந்து மண் இறுகுவதற்குள், கல்லை நட்டுவிட வேண்டும். கறுப்புக் கல், அதில் இறந்தவரின் முகம். எங்கள் ஊர் நரினில் அதுதான் வழக்கம். முகம் வேண்டாம், அது பாவம் என்று மதகுருவான மோல்தோ ஒவ்வொரு அடக்கத்திலும் ஓதுவார். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் தலாந்த்தின் பட்டறைக்குப் போவோம். மோல்தோவின் சொந்தத் தகப்பனார் கல்லிலேயே முகம் இருக்கிறது, தொப்பியோடு.

படத்தை என் மகள் மேரிம்தான் அம்மாவின் போனிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பினாள். கல்லில் ஏற்றுவதற்கு முன் தலாந்த் அதைக் காகிதத்தில் அச்சடித்து என் கையில் கொடுத்தான். கண் ஜிபாரின் கண். தலையில் கட்டியிருந்த பச்சைப்பூத் துணியும் அவளுடையதுதான். நடுவில் இருந்த முகம் மட்டும் உரித்த முட்டை மாதிரி இருந்தது.

"இது யாரு?" என்று கேட்டேன்.

துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று தலாந்த் நினைத்திருக்க வேண்டும். ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினான்.

ஜிபாரின் வலது கன்னத்தில் ஒரு தழும்பு உண்டு. நாலு வயதில் சமோவார் கவிழ்ந்து கொதிநீர் கொட்டிய தழும்பு. நரினில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும். அந்தக் காகிதத்தில் அது இல்லை. இருந்த இடம்கூட இல்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன். முப்பத்தொரு வருஷமாக இந்த மாவட்டத்து மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் அடையாளச் சீட்டு எழுதுகிறவன். இடது காது நுனியில் பிளவு, வலது கண்ணுக்கு மேல் கோதுமை அளவு வெள்ளை, பின்னங்கால் குளம்பில் கீறல் என்று ஒன்று விடாமல் எழுதுவேன். களவு போன பசுவை மூன்று வருஷம் கழித்துச் சந்தையில் பார்த்து, இது இன்னார் வீட்டுப் பசு என்று சொல்லியிருக்கிறேன். நீதிமன்றம் என் வார்த்தையை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்டவனிடம் எவளோ ஒருத்தியைக் காட்டி, இதுதான் உன் பெண்டாட்டி என்றால் கோபம் வராதா? காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேறு படம் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன்.

அன்றைக்கே ஜிபாரின் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் அதில் இருந்தது, நடக்காததும் இருந்தது. எண்ணெயில் மிதக்கிற போர்சோக் மாவுத்துண்டுகள், பிறந்து ஒரு மணி நேரமான கன்றுக்குட்டி, ஜன்னலில் படிந்த பனி, அடுத்த வீட்டுக்காரியின் புது அடுப்பு, தூக்கத்தில் வாயைப் பிளந்திருக்கும் நான். பிறகு அவளே அவளை எடுத்துக்கொண்ட படங்கள், நூற்றுக்கணக்கில். கையை நீட்டி, தலையைச் சாய்த்து, நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒன்றிலும் தழும்பு இல்லை. விரலால் தள்ளித் தள்ளி என் கட்டைவிரல் மரத்துப்போனது.

அவள் உயிரோடு இருந்தபோது இது என் கண்ணில் படாமலில்லை. பட்டது, எனக்கும் பிடித்திருந்தது. ஒரு பெண்குதிரை உதைத்து உடைந்த மூக்கு என்னுடையது. அந்தப் போனில் நானே மாப்பிள்ளை மாதிரி இருப்பேன். பக்கத்தில் அவளே நிற்கும்போது படத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

மேரிம் பிஷ்கெக்கில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். விருந்து ஏற்பாட்டுக்காக லீவு போட்டு வந்திருந்தாள். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் முன்னால் போனை வைத்தேன். என் மனைவி முகத்தைக் கழுவித் துடைக்க இந்தச் சனியனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கத்தினேன். அந்தக் காலத்துக் கேமரா இப்படிப் பொய் சொல்லாது என்றேன். இதைச் செய்தவன் கை அழுகிப்போகும் என்றுகூடச் சொன்னேன்.

"போன் தானா ஒண்ணும் பண்ணல அத்தா," என்றாள் மேரிம். "முகத்த மெருகேத்துற செட்டிங்க நான்தான் போட்டுக் கொடுத்தேன். அம்மா கேட்டாங்க."

சபித்த வாயை அங்கேயே மூடியிருக்கலாம். எனக்குத்தான் நாக்கு ஓரிடத்தில் நிற்காதே. அப்படியானால் உன் அம்மாவின் முகத்தை அழித்ததே நீதான் என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"போன் வந்த அன்னைக்கு அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'இத மட்டும் போட்டுக் கொடுத்துரு. இனிமே உங்கத்தா என்னை அந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்புன்னு சொல்ல வேண்டியதில்ல'ன்னாங்க. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க."

மறுபடி கத்தியை எடுத்து உருளைக்கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள். கல்லில் அந்தப் படமே இருக்கட்டும், அம்மாவுக்கு அதுதான் பிடித்தது என்று தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

நான் அறைக்குப் போய் அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினேன். என் ஜெனித் கேமரா அதில் இருந்தது, தோலுறையோடு, செங்கல் கனத்தில். பக்கத்தில் ஆல்பங்கள். பொய் சொல்லாத கேமரா என்று சற்றுமுன் பீற்றிக்கொண்டேனே, அதன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல்யாணம், மேரிமின் தொட்டில் சடங்கு, நவ்ருஸ், மலைமேய்ச்சலுக்குப் போன கோடைகள். எல்லாவற்றிலும் ஜிபார் இடது கன்னத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றைப் பார்க்கிறாள், குதிரையைப் பார்க்கிறாள், குழந்தையைக் குனிந்து பார்க்கிறாள். ஒன்றில் வெறும் சுவரைப் பார்க்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன், போன் வரும் வரைக்கும் இருபத்து மூன்று வருஷமாக.

அவளுக்காகத்தான் சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கல்யாணத்தன்று கூலிக்கு வந்த படக்காரன் அவளுடைய தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டான். அதைப் பார்த்து, இதுதான் முறை போலிருக்கிறது என்று நானும் பழகிக்கொண்டேன். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் ஆல்பத்தைப் புரட்டி ஐயோ பாவம் என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயமும் இருந்தது.

ஒரே ஒரு தடவை அவள் எதிர்த்துக் கேட்டாள். மேய்ச்சல்வெளியில், வசந்தத்தில், மேரிமுக்கு ஐந்து வயது இருக்கும். நான் வழக்கம்போலத் திரும்பு என்றேன். அவள் திரும்பாமல் நேராகவே நின்றாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் என்ன கடிக்குமா?" என்றாள்.

"ரெண்டே படந்தான் பாக்கி இருக்கு. பிலிம் வீணாப் போகும்," என்றேன்.

அவள் திரும்பிக்கொண்டாள். அந்தப் படமும் ஆல்பத்தில் இருக்கிறது. நல்ல படம். மலை தெளிவாக விழுந்திருக்கிறது.

போனில் பிலிம் இல்லை. எத்தனை எடுத்தாலும் எதுவும் வீணாகாது. எந்தப் பக்கமும் திரும்பி நிற்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். அது கைக்கு வந்ததும் அவள் முதலில் கேட்டது அந்தத் தழும்பை எடுத்துவிடத்தான். நான் சொன்னதை நானே மறந்த பிறகும் அவள் கேட்டு நடந்திருக்கிறாள். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அடக்கத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை.

காலையில் மேரிமைக் கூட்டிக்கொண்டு தலாந்த்தின் பட்டறைக்குப் போனேன். வழியில் அவளிடம் சொல்லிவிட்டேன், தழும்போடுதான் கல் இருக்க வேண்டும் என்று. உன் அம்மா முகம் அவளுடைய மண்ணிலாவது முழுதாக இருக்கட்டும் என்றேன். இருபத்து மூன்று வருஷம் செய்த தப்பை ஒரு கல்லால் சரிக்கட்டிவிடலாம் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

தலாந்த் பொறுமைசாலி. தழும்புள்ள படம் கிடைக்கவில்லை, அடையாள அட்டையையும் இறப்பைப் பதியும்போதே வாங்கிக்கொண்டார்கள் என்றதும், அதனாலென்ன, முகத்தை இயந்திரம் கொத்தட்டும், தழும்பை நான் கையால் ஊசி பிடித்துப் போடுகிறேன் என்றான். நான் கொண்டுபோயிருந்த அச்சுக் காகிதத்தை மேசையில் விரித்து ஒரு பென்சிலைக் கொடுத்தான்.

"நீங்க வரைஞ்சு காட்டுங்க பைக்கே. அடையாளம் சொல்றதுல உங்கள மிஞ்ச ஆள் ஏது? எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்?"

பென்சிலை வாங்கிக் கன்னத்தின் மேல் கொண்டுபோனேன். காதுக்குக் கீழே ஆரம்பிக்கும் என்று கை போனது. இல்லை, கண்ணுக்குக் கீழே. வாயோரம் வரை வருமா, தாடைக்கு மேலேயே நின்றுவிடுமா? நிறம் வெளுப்பா, சிவப்பா? தோல் சுருங்கியிருக்குமா, பளபளப்பாக இருக்குமா? இருபத்தெட்டு வருஷம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவன் நான். சாப்பாட்டில் அவளுக்கு இடது பக்கம் உட்காருவேன். படுக்கையிலும் அந்தப் பக்கம்தான். படம் எடுக்கும்போது மட்டும்தான் அவளைத் திருப்பினேன் என்று நினைத்திருந்தேனே, என் கண்ணையும் சேர்த்துத்தான் திருப்பி வைத்திருந்திருக்கிறேன்.

வெளியே லாரி ஒன்று ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது. பென்சில் நுனி காகிதத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அங்கேயே நின்றது. மூன்று வருஷம் கழித்து அடுத்தவன் பசுவை அடையாளம் சொன்னவன்தான். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது.

மேரிம் என் விரல்களிலிருந்து பென்சிலை எடுத்தாள். யோசிக்கவேயில்லை. காதுமடலுக்குக் கீழே ஆரம்பித்து, கன்னத்தெலும்பின் அடியில் வளைந்து, வாய்க்கு ஒரு விரற்கடை முன்னால் இரண்டாகப் பிரிகிற கோடு. உள்ளே சின்னச் சின்னச் சுருக்கங்கள். தாடையோரம் பருப்பளவுக்கு ஒரு தீவு.

"சின்ன வயசுல நான் இந்தப் பக்கந்தான் படுப்பேன்," என்றாள். "விரலால தடவிக்கிட்டே தூங்குவேன். இந்தத் தீவு இருக்குல்ல, அதுக்கு நான் பேர்கூட வச்சிருந்தேன்."

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கிற தகுதி எனக்கில்லை என்று பட்டது. காகிதத்தில் ஜிபார் இருந்தாள். முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மேரிம் என்னைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுங்க அத்தா. இத அம்மா யாருக்காக அழிச்சாங்களோ, அவருக்காகவே இப்பத் திரும்ப வரையணுமா?"

தலாந்த் என் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த எல்லாப் பதிலும் என்னைப் பற்றியதாகவே இருந்தது. ஜிபாருக்கு எது வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். அவளே எடுத்துக்கொண்ட அந்த நூற்றுக்கணக்கான படங்களில் சொல்லியிருந்தாள்.

"போன்ல இருக்கறதையே போடு," என்றேன்.

கல் விருந்துக்கு நாலு நாள் முன்னால் வந்தது. குதிரை அறுத்தோம், மூன்று கூடாரம் போட்டோம், கோச்கோரிலிருந்தும் ஆத்-பாஷியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் கல்லைப் பார்த்துவிட்டு, உயிரோடு இருப்பது போலவே இருக்கிறது என்றார்கள். அவளுடைய அக்காகூட அப்படித்தான் சொன்னாள். மேரிம் வரைந்த காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில் பென்சில் கோடு மங்கத் தொடங்கியிருக்கிறது. அதனால் தினமும் எடுத்துப் பார்த்து மனப்பாடம் செய்கிறேன்.

எல்லோரும் திரும்பிப் போகும்போது மேரிம் போனை எடுத்தாள். கல்லோடு என்னை ஒரு படம் எடுக்க வேண்டுமாம். நான் போய் நின்றேன். அவள் போனைத் தாழ்த்தி, தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"அத்தா, எப்பவும் போல அந்தப் பக்கமே போய் நின்னுட்டீங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."

கல்லைச் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது கன்னத்தருகே போனேன். காதுக்குக் கீழே கை வைத்து, வளைத்து, இரண்டாகப் பிரித்து, தாடை வரைக்கும் தடவினேன். கல் வழவழவென்றுதான் இருந்தது.