சாயாத கம்பி

யூனிட்டில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். பச்சைத் துணிக்கு முன்னால் நடிப்பவர்களை வெட்டியெடுத்து வேறு ஊர், வேறு வானம் என்று ஒட்டுகிற கிராஃபிக்ஸ் வேலை அவள் பொறுப்பு. வாயும் கத்தரிதான் என்பார் அவளுடைய அத்தான். அவர் அக்கா புருஷன். அதே படத்தின் கேமராமேனும்கூட. அதனால் வீட்டுச் சண்டையும் வேலைச் சண்டையும் இவர்களுக்கு ஒரே சண்டை.

அன்று காலை ஸ்டுடியோ மேசையில் மூன்று சின்னக் கேமராக்கள் உட்கார்ந்திருந்தன. ஸ்டுடியோ மூலையில் செட் போட்டிருந்த, கம்பி போட்ட கண்ணாடி லிஃப்டுக்குள் கதாநாயகி பதறி இங்கும் அங்கும் திரும்புகிற காட்சி எடுக்க வேண்டும்; கேமராவும் அவளோடு திரும்ப வேண்டும். அந்த லிஃப்டில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பெரிய கேமரா நுழையாது.

"பன்னெண்டு மணிக்குள்ள எதுன்னு சொல்லிடு. நீ சொல்றதுதான் முடிவு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் தயாரிப்பாளர் அம்மா.

போன படத்தில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தான் ஆசைப்பட்ட கேமரா வந்தது. பார்க்க அழகோ அழகு. ஆனால் அது நிறத்தைச் சுருக்கிப் பதிவுசெய்யும் கேமரா. கதாநாயகியின் முடி பச்சையோடு பிசைந்துபோய்விட்டது. கம்ப்யூட்டர் வெட்ட வேண்டிய முடியை ஐந்து மாதம் மனுஷர்கள் கையால் வெட்டினார்கள். அதில் பாதியை வெட்டியவள் அவளுடைய அக்கா. மணிக்கட்டு வீங்கி, ஊசி போட்டும் கேட்காமல், ஒருநாள் எழுந்து போனவள்தான். எட்டு மாதமாக அந்த நாற்காலி காலி. அவளைத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும், கத்தரிக்கு வேறு எந்தப் பிரார்த்தனையும் கிடையாது.

அதற்காகவே ஒரு மாதம் முட்டி மோதிப் படித்து, இரண்டாவது கேமராதான் என்று ஒன்பது பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். அத்தான் அதைச் சுவரில் ஒட்டி, மேலே "வேதம்" என்று எழுதி வைத்திருந்தார்.

சுருட்டை முடிக்கார மேக்கப் அக்காவைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தித் தலையை ஆட்டச் சொன்னார்கள். முதல் கேமரா முடியைச் சுற்றிக் கரிக்கோடு போட்டது. அதற்கு விடை கொடுத்தாயிற்று. இரண்டாவதில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக எண்ணிக்கொள் என்று நின்றது.

"சொன்னேன்ல?" என்றாள் கத்தரி.

"சரிம்மா, வேதம்தான். இப்ப உள்ள போய் ஆட்டிப் பாக்குறேன்" என்று அத்தான் கேமராவை ஏந்திக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்து, படக்கென்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பினார்.

மானிட்டரில் கம்பிகளெல்லாம் சாய்ந்தன. அவர் திரும்பத் திரும்ப, குடித்தவன் நடை மாதிரி லிஃப்டே தள்ளாடியது. அந்தக் கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். கீழ்வரிக்கு வருவதற்குள் கேமரா திரும்பிவிட்டால் கம்பி சாயாமல் என்ன செய்யும்? வளைகிற லிஃப்டுக்கு வெளியே எந்த நகரத்தை ஒட்டினாலும் நிற்காது. ஒரு மாதம் அவள் பார்த்ததெல்லாம் அசையாமல் நின்ற ஆட்களின் படம். முடி வெட்டுகிறவள் முடியைத்தானே பார்ப்பாள்! கேமராவோடு ஒருவரைத் திரும்பவிட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

மூன்றாவது, சும்மா உபரியாக வந்தது. மூஞ்சியும் இல்லை, முதுகும் இல்லை, சாப்பாட்டு டப்பா மாதிரி இருந்தது. வரிவரியாகப் படிக்காமல் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிக்கிற ரகம். அத்தான் எப்படி ஆடினாலும் கம்பி கம்பியாகவே நின்றது. முடியும் நன்றாகவே வெட்டுப்பட்டது. ஒரே குறை, இருட்டில் கண் தெரியாது. விளக்கு இரண்டு மடங்கு வேண்டும்.

அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ரெண்டாவதையே சொல்லு. நான் மெதுவா திரும்புறேன். உன் வேதமும் பொழைக்கும், டப்பாவுக்கு லைட் கட்டுற கஷ்டமும் எனக்கு இல்ல. பாத்துக்கலாம்."

"போன படத்துலயும் பாத்துக்கலாம்னுதான் சொன்னீங்க" என்றாள் கத்தரி. "பாத்துக்கிட்டது அக்கா கை."

அத்தான் இரண்டாவது கேமராவை எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்தார்.

தயாரிப்பாளர் அம்மா வந்தபோது மொத்த யூனிட்டும் சுற்றி நின்றது. கத்தரி சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், நான் எழுதினது தப்பு. டப்பாதான் வேணும்."

"ஒன்பது பக்கம் எழுதினியேம்மா?"

"அது படிச்சு எழுதினது. இது பாத்துச் சொல்றது. இதுல ஒரு முடிகூட கையால வெட்ட வேண்டி வராது. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"லைட்டு?"

கத்தரி திரும்பிப் பார்ப்பதற்குள் அத்தான், "அது என் பாடு" என்றார்.

மேக்கப் அக்கா சும்மா இருப்பாளா? அடுத்த பத்து நிமிடத்தில் செய்தி வீட்டுக்குப் போய், கத்தரியின் அக்கா போனில் வந்துவிட்டாள்.

"நீ எழுதினது தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொன்னியாமே?"

"ஆமாக்கா. கம்பி சாஞ்சுது. டப்பாவுல..."

"கேமரா கதைய விடு. நெஜமாவே தப்புன்னு வாயால சொன்னியா?"

"சொன்னேன்."

"அந்த ஒரு வார்த்தையத்தான்டி எட்டு மாசமா எதிர்பாத்தேன். வேற ஆளுகிட்டேருந்து."

கத்தரி போனை அத்தானிடம் நீட்டினாள். அவர் டப்பாவுக்காகத் தூக்கி வந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். தள்ளிப் போகவில்லை, எல்லோருக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"போன படத்துக்கு அந்தக் கேமராவ எடுத்தது என் தப்பு. உன் கை போனது என்னாலதான்."