நானூற்று ஒன்றாவது கப்

மண்வெட்டி விழுந்த இடத்தில் முதலில் தெரிந்தது உதட்டுச்சாயம். பதினான்கு மாதத்துக்கு முன்னால் எவளோ ஒருத்தி டீ குடித்துவிட்டு வைத்த சிவப்பு, கப்பின் விளிம்பில் நேற்று ஒட்டியது போல இருந்தது. மக்கக்கா கப்பை எடுத்துக் கல்லில் தட்டினாள். மண் உதிர்ந்தது, கப் உதிரவில்லை. ‘தொண்ணூறு நாளில் மண்ணாவேன்’ என்று அதன் வயிற்றில் அச்சடித்திருந்த பச்சை எழுத்தும் அப்படியே இருந்தது.

“புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும்” என்று கப்பிடம் சொல்லிவிட்டு, அடுத்ததைத் தோண்டினாள்.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டி வரிசையாக ஒன்பது குழிகள். விடுதிச் சமையலறையின் காய்த்தோல், முட்டை ஓடு, மரத்தடிச் சருகு எல்லாம் இங்கேதான் வந்து எருவாகும். நுழைகிற இடத்தில் ‘மக்கும் குப்பை’ என்று பெரிய பலகை. மாணவர்கள் முதலில் அவளை ‘மக்கும் குப்பை அக்கா’ என்றார்கள். அத்தனை நீளமாகக் கூப்பிட அவர்களுக்கு ஏது நேரம், மக்கக்கா ஆகிவிட்டாள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வெறும் ‘மக்கு’ என்றுதான் கூப்பிட்டார். இங்கே மரியாதைக்கு ஓர் அக்கா சேர்ந்திருக்கிறது.

பதினோரு வருடமாக இங்கே குப்பை கொட்டுகிறாள். அந்தப் பேச்சுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையிலும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை முடிந்துவிட்டதாக ஒரு காகிதம், மறுநாள் புதிதாகச் சேர்ந்ததாக இன்னொரு காகிதம். போன வருடம் முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுத்தாள். எழுந்து வந்து பார்த்தால் அவள் மண்வெட்டியை வேறொருத்தன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த மண்வெட்டியைத் திரும்ப வாங்க நாலு அலுவலக வாசலில் நின்று கும்பிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. நிரந்தரம் என்று எழுதின ஒரு தாள்.

அந்தத் தாளுக்கு இந்த வருடம் ஒரு வழி பிறந்திருந்தது. பல்கலைக்கழகங்களுக்கிடையே பசுமைக் கேடயப் போட்டி. கேடயம் வந்தால் எருக்குழிப் பணியாளரை நிரந்தரமாக்குவோம் என்று பதிவாளர் மைக்கில் சொல்லிவிட்டார். மைக்கில் சொன்னதை முழுங்குவது கொஞ்சம் கஷ்டம். மதிப்பீட்டுக் குழு இன்று பதினோரு மணிக்கு வருகிறது.

ஏழு மணிக்கே சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அந்தக் கப்புகளைக் கொண்டுவந்த புண்ணியவான் அவர்தான். வாயைத் திறந்தால் தொண்ணூறு நாள், தொண்ணூறு நாள் என்று சொல்லிச் சொல்லியே ‘தொண்ணூறு சார்’ என்று பெயர் வாங்கியவர்.

“மக்கலையா?” என்றார் குழியைப் பார்த்து.

“நான் மக்குதான் சார். கப்புதான் இல்ல.”

“தொண்ணூறு நாள்னு கம்பெனிக்காரன் எழுதியே குடுத்திருக்கான்!”

“கப்புக்குப் படிக்கத் தெரியல போல சார்.”

தொண்ணூறு சார் நெற்றியைத் துடைத்தார். “நானூறு கப்பும் முழுசா மண்ணாயிடுச்சுன்னு அறிக்கையில எழுதி அனுப்பி ஆறு மாசம் ஆச்சு. அறிக்கையில மக்கிடுச்சு. குழியில மக்கலைன்னா அது யார் தப்பு?”

“குழி தப்புதான் சார்.”

கிண்டல் அவருக்கு உறைக்கவில்லை. பயத்தில் இருந்தார். கப்புகளை எங்கேயாவது ஒளித்துவிட்டு, ஏழாம் குழியில் சருகு எருவை நிரப்பி, அதுதான் கப் மக்கிய மண் என்று காட்டச் சொன்னார். “கேடயம் வந்தாத்தான் உங்களுக்கும் நிரந்தரம். ஞாபகம் இருக்கட்டும்.”

அதை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. குழிதோறும் எரு வெந்துகொண்டிருந்தது போல அது அவளுக்குள் எந்நேரமும் வெந்துகொண்டுதான் இருந்தது.

கப்புகளை எண்ணி மூட்டை கட்டினாள். முதுகு முனகியது. வளாகத்தில் ஒளிக்க இடமேது? மக்காத குப்பைக் கொட்டகையையும் குழு பார்க்கும். கடைசியில் கேன்டீன் பின்கட்டுக்குத்தான் போனாள். அங்கே பாத்திரம் கழுவுகிறவள் அவளுடைய நாத்தனார்.

“என்ன அண்ணி, காலங்காத்தால மூட்டை? உள்ள பொணம் கிணம் இருக்கா?”

“பொணமா இருந்தா இந்நேரம் மக்கியிருக்கும்டி. மத்தியானம் வரைக்கும் இத உன் ஸ்டோர்ல வச்சுக்க.”

நாத்தனார் மூட்டையை முகர்ந்துவிட்டு மூக்கைப் பொத்தினாள். “ஐயே! சாப்பாட்டுச் சாமான் இருக்கிற எடத்துல இந்த நாத்தத்த வச்சா, உங்களுக்கு நிரந்தரம் வரதுக்குள்ள எனக்கு நிரந்தரமா வீடு.”

“உங்கண்ணன் கூட இருபது வருஷமா குப்பை கொட்டுறேன். நாலு மணி நேரம் என் குப்பைய நீ வச்சுக்க மாட்டியா?”

“எங்கண்ணன் வாரம் ஒரு தடவையாவது குளிக்குது. இதையும் குளிப்பாட்டிட்டு வைங்க.”

வேறு வழி? இருவரும் தொட்டியடியில் உட்கார்ந்தார்கள். சோப்பு, சுடுதண்ணீர், மறுபடி சோப்பு. ஒவ்வொரு கப்பையும் நாத்தனார் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தட்டில் கவிழ்த்தாள். உதட்டுச்சாயம்கூடப் போய்விட்டது. அச்சடித்த பச்சை எழுத்தைத் தவிர, போகாதது ஒன்றுதான். ஒரே ஒரு கப் நீங்கலாக, எல்லாக் கப்பின் அடியிலும் மக்கக்கா தன் கையால் எழுதிய தேதி. ‘அறிவியல்னா பதிவு இருக்கணும்’ என்று தொண்ணூறு சார் அன்றைக்கு அழியாத மைப் பேனாவைக் கொடுத்திருந்தார். அழியாத மை தன் சொல்லைக் காப்பாற்றியிருந்தது.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. நாலு பேர். மூன்று பேர் செருப்பில் மண் படாமல் நின்றார்கள். நாலாவது, தலைவி, கனத்த கண்ணாடி போட்ட அம்மா, நேராகக் குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எருவைக் கையால் அள்ளிப் பிசைந்தார். மண்ணைத் தொடுகிறவர்களை ஏமாற்றுவது கஷ்டம்.

“நல்ல எரு. எத்தன நாளைக்கு ஒரு தடவை கிளறுவீங்க?”

“வாரத்துக்கு ஒண்ணும்மா. மழை பெஞ்சா ரெண்டு.”

“கப்பு போட்டது இந்தக் குழியா?”

“ஆமாம்மா” என்றாள் மக்கக்கா. போட்டது இந்தக் குழிதான். அதுவரைக்கும் பொய்யில்லை.

தொண்ணூறு சார் இடையில் புகுந்து, நிலைத்த வளர்ச்சி, சுழற்சி, பூமித்தாய் என்று பொழிய ஆரம்பித்தார். தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டபோதுதான் பச்சைச் சட்டை போட்ட மாணவிகள் இருவர் தட்டு நிறைய டீயோடு வந்தார்கள்.

“சார், புதுக் கப்பு இன்னும் வரல. நல்லவேளை, கேன்டீன்ல நம்ம மண்ணாகிற கப்பே நூத்துக்கணக்கா கவுத்து வச்சிருந்தாங்க!”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆனால் இந்தப் பூதம் குளித்து முழுகிவிட்டு, கையில் டீயோடு வந்திருந்தது. மாணவிகளுக்குப் பின்னால் தூரத்தில் நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வெங்காயம் நறுக்கிய கையை வைத்துக் கண்ணைத் துடைத்ததில் அழுகை வேறு.

தொண்ணூறு சாருக்குத் தேள் கொட்டிய திருடன் கதை. கத்தவும் முடியாது. அவர் கைக்கும் ஒரு கப் வந்தது. தலைவி பார்க்கிறாரே என்று குடித்தார்.

எல்லாரும் குடித்தார்கள். டீ நன்றாக இருக்கிறது என்றார் ஒருவர். தலைவி கடைசி மடக்குக்குக் கப்பைத் தூக்கியபோது எதிரில் நின்றவர் அதன் அடியைப் பார்த்துவிட்டார்.

“என்னமோ தேதி போட்டிருக்கே?”

தலைவி கப்பை உயர்த்திப் பிடித்து அடியைப் பார்த்தார். “ஏழாம் மாசம், ஏழாம் தேதி. போன வருஷம்.”

“உற்பத்தித் தேதி மேடம்” என்றார் தொண்ணூறு சார்.

“உற்பத்தித் தேதிய கையாலயா எழுதுவாங்க?”

“கைவினை... மேடம்.”

தலைவி கப்பில் இருந்த ஏழாம் எண்ணைப் பார்த்தார். அரிவாள் மாதிரி வளைந்து, இடுப்பில் ஒரு வெட்டு வாங்கிய ஏழு. பிறகு குழியோரம் நட்டிருந்த சின்னப் பலகையைப் பார்த்தார். குழி எண் 7. அதே அரிவாள், அதே வெட்டு. பிறகு நிமிர்ந்து மக்கக்காவைப் பார்த்தார்.

“இது உங்க எழுத்தாம்மா?”

தொண்ணூறு சாரின் கண் கெஞ்சியது. இல்லை என்று மக்கக்கா சொன்னால் கேடயத்துக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கும். ஆனால் பலகை கண்ணெதிரே நிற்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சோறே இல்லை, வெறும் பூசணிக்காய்தான்.

“என் எழுத்துதாம்மா. அது பொதைச்ச தேதி.”

செருப்பில் மண் படாமல் நின்றவர்களில் ஒருவர் மண்ணோ சேறோ பார்க்காமல் செடிப் பக்கம் ஓடினார். அவர் துப்புகிற சத்தம் கேட்டது.

“மூணு தடவை சோப்பு போட்டதும்மா!” என்றாள் மக்கக்கா அவசரமாக. “சுடுதண்ணி. எங்க வீட்டுக் கப்பகூட இப்படிக் கழுவ மாட்டேன்.”

“நான் ஒவ்வொண்ணா மோந்து பாத்தேங்க!” என்று நாத்தனார் மூச்சு வாங்கச் சாட்சி சொன்னாள்.

தலைவி கப்பில் மிச்சமிருந்த டீயைப் பார்த்தார். பிறகு அதையும் குடித்தார். “எத்தன பொதைச்சீங்க?”

“நானூறு.”

“எத்தன வந்துச்சு?”

“நானூத்தி ஒண்ணு.”

“ஒண்ணு கூடவா?”

“அது எப்படின்னு எனக்கும் தெரியலம்மா. அதுல தேதி இல்ல. யாரோ போற போக்குல குழியில போட்டிருப்பாங்க.”

“பதிவு எதாவது வச்சிருக்கீங்களா?”

மக்கக்கா இடுப்பிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தாள். மாதம் ஒரு தேதி. தேதிக்கு எதிரே ஒரே சொல். இருக்கு. இருக்கு. இருக்கு. பதினான்கு முறை இருக்கு. தலைவி பக்கம் பக்கமாகத் திருப்பிப் படித்தார், நாவல் படிக்கிறவர் போல. கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

அடுத்த ஒரு மாதம் மக்கக்கா எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் பயந்தாள். அடுப்படியில் புருஷன், “பொய் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றான். “சொல்லியிருப்பேன். என் கையெழுத்து காட்டிக் குடுத்துடுச்சு” என்றாள். அதுதான் உண்மை. தான் பெரிய யோக்கியை என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தொண்ணூறு சார் மட்டும் அந்த மாதத்தில் சும்மா இருக்கவில்லை. அறிக்கையைத் திரும்ப வாங்கி, ‘மண்ணாதல்’ என்ற தலைப்பை அடித்துவிட்டு ‘மறுபயன்பாடு’ என்று எழுதினார். பதினான்கு மாதம் மண்ணுக்கடியில் கிடந்தும் நானூறு கப்பும் மறுபடி உபயோகத்துக்கு வந்த சாதனையை உலகத்தில் வேறு எவன் செய்திருக்கிறான்? கேடயம் வந்தது. மறுபயன்பாட்டுப் பிரிவில் முதலிடம். மேடையில் மாலை அவருக்கு. பேச்சில் தொண்ணூறு என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

ஆனால் தலைவியும் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறவர் இல்லை. தீர்ப்புக்கடியில் ஒரு வரி சேர்த்திருந்தார். இந்த வளாகத்தில் நம்பத்தக்க ஒரே பதிவு குழிப் பணியாளருடையது. பதிவையும் கப்புகளையும் அவரே நிரந்தரமாகப் பராமரித்தால்தான் கேடயம் இங்கே இருக்கும்.

பதிவாளர் அதை நாலு தரம் படித்தார். வேறு மாதிரி அர்த்தம் வரவில்லை. ஆணை அடித்தார். பதவியின் பெயர்: ‘கப் கழுவுநர் (நிரந்தரம்)’. குழிக்கு வேறு ஆள் போடவில்லை. காலையில் குழி, மத்தியானம் தொட்டியடி. வேலை இரண்டு, பெயர் ஒன்று.

“வாங்க அண்ணி” என்றாள் நாத்தனார், தொட்டியடியில் இடம் விட்டு நகர்ந்து. “கடைசியில எங்கிட்டதான் வந்து உக்காரணும்னு தலையில எழுதியிருக்கு.”

“நகருடி. நான் நிரந்தரம். நீதான் ஓரமா உக்காரணும்.”

“தாளு வந்து முழுசா ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள அதிகாரத்தப் பாரு!”

மக்கக்கா கழுவி முடித்து, தேதி இல்லாத அந்த நானூற்று ஒன்றாவது கப்பைத் தேடி எடுத்தாள். ஈரத்தைத் துடைத்து, கவிழ்த்து, அழியாத மைப் பேனாவால் ஆணை வந்த தேதியை அதன் அடியில் எழுதினாள். பிறகு அதில் தனக்கென்று டீ ஊற்றிக்கொண்டாள்.

“அது எதுக்கு அண்ணி?”

“எத்தன நாள் தாங்குதுன்னு பாப்போம்.”

“எது, கப்பா? ஆர்டரா?”

டீ சூடாக இருந்தது. மக்கக்கா ஊதி ஊதிக் குடித்தாள்.