கொட்டலசு நிற்குமா?

ஹாலாஸ்யம் ஏழு கடலையும் கடந்தவன். கப்பல் உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்கியிருக்கிறான். கொள்ளைக்காரர்களிடம் பிடிபட்டிருக்கிறான். பனிக்குள் உறைந்துபோன கப்பலில் பசி தாங்காமல் தோல் பூட்ஸை வேகவைத்துத் தின்றிருக்கிறான். எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்களில். மற்றபடி கிழக்கே அவன் போயிருந்த தூரம் மதுரையை ஒட்டிய ஒத்தக்கடை. அதுவும் சித்தப்பா பெண் கல்யாணத்துக்கு. இருபத்துமூன்று வயதாகியும் நிஜக் கடலை அவன் கண்ணால் பார்த்ததில்லை என்பது அவனுக்கு ஓர் அவமானமாகவே இருந்தது.

வேலை கோச்சடையில், சிவசங்கரனின் 'இரட்டை மீன் மார்க்' பித்தளை துலக்கும் பொடிக் கம்பெனியில். மதுரையில் மீன் படத்தைப் பார்த்தால் யாருக்கும் கடல் ஞாபகம் வராது, அம்மன் ஞாபகம்தான் வரும். அதற்காகவே முதலாளி அந்தப் படத்தைப் போட்டிருந்தார். பொடியை இடித்துச் சலித்து டப்பாவில் அடைப்பவள் ஒச்சாயி. வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுபவன் ஹாலாஸ்யம். உபயோகிக்கும் முறை என்று முதலாளி பன்னிரண்டு வரி எழுதி வைத்திருந்ததை, 'கொட்டு, தேய், அலசு' என்று மூன்று சொல்லாகச் சுருக்கி டப்பாவின் மேல் அச்சடிக்க வைத்தவனும் அவன்தான். இதுவரை அச்சில் வந்த அவனுடைய ஒரே படைப்பு அது.

அந்த ஆண்டு மாசி மாதம் தொண்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மீராசா மரைக்காயர். இரண்டு மோட்டார் லாஞ்சுகளுக்குச் சொந்தக்காரர். டப்பாவில் மீனைப் பார்த்ததும் இது கடல் சம்பந்தப்பட்ட கம்பெனி என்று தெரிந்துகொண்டதாக ஆரம்பித்திருந்தார். பிறகு விஷயம்: 'எங்கள் லாஞ்சுகளின் அடியில் தண்ணீருக்குள் சுற்றும் பித்தளை விசிறியில் கொட்டலசு அதிகம். அதன் தண்டில் இன்னும் இல்லை. தங்கள் பொடியை உபயோகித்தால் கொட்டலசு நிற்குமா? நிற்கும் என்றால் இரண்டு டஜன் டப்பா எடுத்துக்கொள்கிறேன்.'

ஹாலாஸ்யம் அதை மூன்று தரம் படித்தான். மூன்றாம் தரம் படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. கொட்டு, அலசு. கொட்டலசு. அவன் இயற்றிய வாசகம் அவனுக்கு முன்னாலேயே கடற்கரைக்குப் போய், அங்குள்ள ஜனங்கள் வாயில் புழங்கி, ஒரே சொல்லாக ஒட்டியும் போயிருக்கிறது. நடுவில் 'தேய்' மட்டும் உதிர்ந்துவிட்டது. கடற்கரைக்காரர்களுக்குத் தேய்க்கப் பொறுமை இருக்காது என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். அதிகம் கொட்டி அலசுகிறார்கள். அந்தப் பளபளப்பு நிலைத்து நிற்குமா என்று கேட்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான்.

முதலாளியிடம் காட்டினான். சிவசங்கரனுக்கு இரண்டு டஜன் என்ற இடத்தில் மட்டும் கண் நின்றது.

"நல்லா எழுதுப்பா. இந்த ஆர்டர் மட்டும் வந்துச்சுன்னா சரக்கோட நீயே தொண்டிக்குப் போயிட்டு வா" என்றார்.

அன்று ஹாலாஸ்யம் சாப்பிடப் போகவில்லை. இதுவரை படித்த அத்தனை மாலுமிகளும் அவன் பேனாவுக்குள் இறங்கினார்கள். 'அலைகளின் அரசரே' என்று தொடங்கினான். 'தாங்கள் எங்கள் பொடியை உபயோகிக்கத் தொடங்கிய நாள் முதல் கொட்டலசு நிற்கும். இன்று விசிறியில் இருப்பது நாளை தண்டுக்கும் பரவும். புயலே வந்தாலும் கொட்டலசு தங்கள் விசிறியை விட்டு ஒருபோதும் நீங்காது என்று எங்கள் கம்பெனி உறுதி கூறுகிறது' என்று முடித்தான். திரும்பப் படித்துப் பார்த்தபோது ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை.

எட்டாம் நாள் பதில் வந்தது. மரைக்காயர் இரண்டு டஜனை நான்காக்கியிருந்தார். 'நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்களைப் போல் உண்மை பேசும் கம்பெனியை நான் கண்டதில்லை' என்று எழுதியிருந்தது. உண்மை எங்கே வந்தது என்று ஹாலாஸ்யத்துக்குச் சரியாகப் புரியவில்லை. ஆனால் பெரிய மனிதர்கள் பாராட்டும்போது அப்படித்தான் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை காலை பஸ் என்று முடிவாயிற்று.

வீட்டில் அவன் அம்மா அகிலாண்டம் முறுக்கு சுற்ற ஆரம்பித்தாள். நண்பன் சுப்பராமன் குடை கொடுத்தான். கப்பல் மேல்தட்டில் நிற்பவனுக்குத் தொப்பிதான் வேண்டும் என்று ஹாலாஸ்யம் நினைத்தான்; கிடைத்தது குடை. ஒச்சாயிக்கு மட்டும் இந்தப் பரபரப்பு விளங்கவில்லை.

"ஏந்தம்பி, வைகையில தண்ணி வந்தாக்கூட எட்டிப் பாக்க மாட்டீக. அம்புட்டுத் தொலவு போயி உப்புத் தண்ணியில என்னத்தப் பாக்கப் போறீக?"

"கடல்ல அக்கரையே தெரியாது அக்கா."

"தெரியலைன்னா அப்புறம் அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

ஹாலாஸ்யம் பஸ் நேரம் விசாரிக்கப் புறப்பட்டான்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு ஜட்கா வண்டி கம்பெனி வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் வெள்ளைத் தாடியும் கட்டம் போட்ட கைலியுமாக, ஈரச் சாக்கு மூட்டை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். பின்னால் வண்டிக்காரன் ஓலைப்பாயில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்றைச் சுமந்து வந்தான். கூடவே ஒரு வாடை வந்தது. ஒச்சாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஹாலாஸ்யத்துக்கு மட்டும் அது கடல் என்று உடனே தெரிந்துவிட்டது. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான்.

வந்தவர் மீராசா மரைக்காயர். உண்மை பேசும் மனுசரை நேரில் பார்த்துக் கையைப் பிடித்துவிட்டுப் போகலாமென்று வந்ததாகச் சொன்னார். சிவசங்கரன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரைக்காயர் உட்காராமல் சாக்கை அவிழ்த்தார். உள்ளே மூன்று இதழ் கொண்ட பித்தளை விசிறி. பித்தளை என்று அவர் சொன்னதால் நம்ப வேண்டியிருந்தது. இதழ் முழுக்க வெள்ளை வெள்ளையாக, உச்சியில் துளையுள்ள குட்டிக் கோபுரங்களைப் போல ஓடுகள் அப்பியிருந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது.

"பாத்தீகளா, எம்புட்டுக் கொட்டலசு" என்றார் மரைக்காயர்.

ஹாலாஸ்யம் விசிறியைப் பார்த்தான். பிறகு அலமாரியில் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தான். காதுக்குள் அலைச்சத்தம் கேட்டது.

மரைக்காயர் சொல்லிக்கொண்டே போனார். இந்தப் பூச்சி குஞ்சாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாதாம், தண்ணீரில் மிதந்து வந்து ஒரு தரம் ஒட்டினால் ஆயுசுக்கும் நகராதாம். விசிறியில் ஒட்டினால் லாஞ்சு உதறும், எண்ணெய் இரட்டிப்பாகக் குடிக்கும், பாதி வேகத்தில் நகரும். சுண்ணாம்பும் ஆட்டுக்கொழுப்பும் பூசிப் பார்த்தார். கொழும்பிலிருந்து செம்புச் சாயம் வரவழைத்துப் பூசினார்; மரத்தில் நின்றது, சுற்றுகிற விசிறியில் உரிந்து போயிற்று. விற்றவன் ஒவ்வொருவனும் கொட்டலசு அண்டவே அண்டாது என்று சத்தியம் செய்தவன்.

"நீங்க ஒருத்தர்தான் தம்பி, அது போகாது, தண்டுக்கும் பரவும்னு பச்சையா எழுதுனீக. படிச்சிட்டு அரைமணி நேரம் சிரிச்சேன். இப்படிப்பட்ட கம்பெனி சரக்கு சுத்தமாத்தான் இருக்கும்னு ரெண்டை நாலாக்குனேன். மறுநாள் லாஞ்சைக் கரையேத்திப் பாத்தா தண்டுலயும் பரவியிருக்கு. இந்தப் பாய்க்குள்ள இருக்குறது அதான்."

முதலாளி மெல்லத் திரும்பி ஹாலாஸ்யத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டு டஜன் நான்கு டஜனான மகிழ்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். உண்மை பேசுகிறவன் என்ற பெயரும் நிலைக்கும், வெள்ளிக்கிழமை பஸ்ஸும் கிளம்பும். ஆனால் அவன் படித்த கப்பல் தலைவன் எவனும் இப்படி ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

"எனக்குக் கொட்டலசுன்னா என்னன்னே தெரியாதுங்க. கொட்டி அலசறதுன்னு நினைச்சு எழுதிட்டேன்" என்றான். டப்பாவை எடுத்து அந்த மூன்று சொல்லையும் காட்டினான்.

மரைக்காயர் எழுத்துக் கூட்டிப் படித்தார். தாடி குலுங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"முதலாளி, இதையும் சொல்லிட்டாரு பாருங்க. இவரை எங்கேயும் அனுப்பிறாதீக" என்றார்.

சிவசங்கரன் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இதற்குள் ஒச்சாயி, எந்தப் பித்தளையையும் அழுக்கோடு பார்க்கச் சகிக்காதவள், விசிறியைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அரிவாள்மணையால் ஓர் இதழை மட்டும் சுரண்டி, பொடியைக் கொட்டி, தேங்காய் நாரால் முக்கால் மணி நேரம் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொண்டுவந்து வைத்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது. மரைக்காயர் விரலை வைத்தார், வழுக்கியது.

"இம்புட்டு வழுவழுப்பா இருந்தா அது எதைப் பிடிச்சு ஒட்டும்?" என்றாள் ஒச்சாயி.

ஒட்டாமல் இருக்காது, ஆனால் பிடிமானம் குறையும், கையாலேயே தள்ளிவிடலாம் என்று மரைக்காயருக்கும் தோன்றியது. அவரிடம் மாற்று விசிறியும் மாற்றுத் தண்டும் இருந்தன. ஒரு ஜோடி கடலில் ஓடும், மற்றது மாதம் ஒரு தரம் பஸ்ஸில் கோச்சடைக்கு வரும். இங்கே தேய்த்துக் கொழுப்புப் பூசி அனுப்ப வேண்டியது. பேச்சு அரைமணியில் முடிந்தது. விசிறியையும் தண்டையும் விட்டுவிட்டு, நான்கு டஜன் டப்பாவையும் அந்தச் சாக்கிலேயே போட்டுக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார். சரக்குக் கொண்டுபோக ஆள் தேவைப்படவில்லை. முறுக்கை மரைக்காயருக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

சுரண்டுகிற வேலை ஹாலாஸ்யத்துக்கு வந்தது. கொட்டலசு பற்றி அறிந்தவன் கம்பெனியில் அவன் ஒருவன்தான் என்றார் முதலாளி.

அன்று பிற்பகல் கிணற்றடியில் உட்கார்ந்து அவன் ஒவ்வொன்றாகப் பெயர்த்தான். இந்தப் பூச்சி ஓர் அடிகூட நடந்ததில்லை. ஆனால் யாழ்ப்பாணம் போயிருக்கிறது, கொழும்பு போயிருக்கிறது. தண்டின் ஓரத்தில் ஈரமாக இருந்த ஒன்றை, அடிப்பாகம் உடையாமல் எடுத்து, டம்ளர் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்து அதில் போட்டான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உச்சித் துளை திறந்தது. இறகு போன்ற ஒரு சிறு கை வெளியே வந்து, வா வா என்பதுபோல் தண்ணீரை வாரியது.

"அக்கா, கடல் பாருங்க" என்றான்.

ஒச்சாயி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். "அக்கரை நல்லாத் தெரியுதே" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து மரைக்காயரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'தாங்கள் தேய்த்து அனுப்பிய விசிறியிலும் தண்டிலும் கொட்டலசு நிற்கிறது.' சலாம், கையெழுத்து, வேறொன்றும் இல்லை.

சிவசங்கரன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போயிடுச்சுங்கிறாரா? இருக்குங்கிறாரா?"

ஹாலாஸ்யம் துள்ளி எழுந்தான். "நேர்ல போய்ப் பார்த்தாத்தாங்க தெரியும்."

முதலாளி யோசித்தார். நாள்காட்டியைக்கூட ஒரு தரம் பார்த்தார். ஒச்சாயியின் சல்லடை நின்றது.

"அதுக்கு எதுக்குப்பா அம்புட்டுத் தூரம்? ஒரு கார்டு போட்டுக் கேளு" என்றார்.

ஹாலாஸ்யம் கார்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரே அர்த்தம் வரும்படி ஒரு கேள்வியை எழுத அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். நிதானமாகப் பேனாவைத் துடைத்து, மையைத் தொட்டு, 'கொட்டலசு நிற்குமா?' என்று மட்டும் எழுதிவிட்டு, தொண்டி விலாசத்தை முத்து முத்தாக எழுத ஆரம்பித்தான்.