கரை சேரும் என்று போட்டிருந்தது

தமிழ்ப் புனைகதையைக் காப்பாற்றும் பொறுப்பு திருவொற்றியூரில், ரேஷன் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் பி.காம் மாணவன் அன்பரசனிடம் வந்து சேர்ந்திருந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். எதிரி யார் என்பதிலும் அவனுக்குச் சந்தேகமில்லை: கதைக்கு மேலே டேக் போடுகிறவர்கள்.

கடலோடி ரத்தினம் என்பவனைப் பற்றிய இணையத் தொடர் ஒன்று முடிந்துபோன பிறகும், அவனை வைத்து ரசிகர்களே கதை எழுதிப் பகிர்ந்துகொள்ளும் குழு ஒன்றில் அவன் இருந்தான். ரத்தினம் அங்கே ஓயாமல் காதலித்தான், சுறாவோடு மல்லுக்கு நின்றான், அவ்வப்போது செத்தும் போனான். குழுவில் பாதிப் பேர் மீனவக் குப்பத்து வீட்டுப் பிள்ளைகள். அதனால் குழுவை நடத்தும் மோகனப்ரியா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கடல் கதை என்றால் தலைப்புக்குக் கீழே 'கரை சேரும்' அல்லது 'கரை சேராது' என்று டேக் இருக்க வேண்டும். வீட்டு ஆள் கடலுக்குப் போயிருக்கும் நாளில் யாரும் இரண்டாவதைத் திறப்பதில்லை.

"மீன் கொழம்பு மேல 'முள்ளு கீது'ன்னு சீட்டு ஒட்டுவியா நீ?" என்று குழுவில் கேட்டான் அன்பரசன்.

"உனுக்கு இன்னும் குத்தல நைனா. அதான் பேசிகினு கீற," என்று எழுதினாள் மோகனப்ரியா.

அந்த வாரமே அவன் தன் வாழ்நாளின் சிறந்த கதையை எழுதினான். கடைசிப் பத்தியில் ரத்தினம் மூழ்குகிறான். மெதுவாக, நல்ல தமிழில். மேலே டேக்: 'கரை சேரும். தலை துவட்டும். இட்லி தின்னும்.' குழு விழுந்து விழுந்து சிரித்தது. மோகனப்ரியா மட்டும் மாற்றச் சொன்னாள். படைப்புச் சுதந்திரம் என்று பதில் போட்டான்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், ரேஷன் கடை வாசலில் மலர் அவனை நிறுத்தினாள். பின்தெருக்காரி, பள்ளியில் கூடப் படித்தவள். அவள் அண்ணன் விமல் போன விசைப்படகு மழைக்காலத்தில் திரும்பவில்லை. காட்டுப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு பலகை ஒதுங்கியது; அதோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் கையில் வாழையிலைப் பொட்டலம் இருந்தது.

"அந்த ரத்தினம் கதை நீ எழுதினதா?"

"படிச்சிட்டியா? எப்டி கீது?" என்று பாராட்டுக்கு நிமிர்ந்தான்.

"அம்மாக்குப் படிச்சுக் காட்டினேன்."

அவள் அம்மா புஷ்பவல்லிக்கு எழுத்து தெரியாது. விமல் போனதிலிருந்து, ரத்தினம் கதை கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். மலர் 'கரை சேரும்' பார்த்துப் பார்த்து எடுப்பாள்.

"இட்லி தின்னும்னு படிச்சேனா, அம்மா சிரிச்சிருச்சு. எவ்ளோ நாளாச்சு தெரியுமா அது சிரிச்சு? கடைசில வந்து மாட்டிகினேன். நான் நிறுத்தினா, 'படிடி'ன்னுது."

"எதுனா மாத்தி சொல்லியிருக்கலாம்ல?"

"எனுக்கு இன்னா உன்ன மாதிரி கதை வருமா?"

அன்பரசன் கடையின் பூட்டைப் பார்த்தான். "அம்மா இன்னா சொல்லுச்சு?"

"பாதிச் சோத்துல கைய கழுவிச்சு. கொடியில கெடந்த அண்ணன் சட்டைய மடிச்சு உள்ள வெச்சுது. இன்னிக்கு, போட்டோக்கு மாலை வாங்கியான்னுச்சு."

பொட்டலம் என்ன என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"மலர், மாத்தி எழுதிடறேன். ஒரு கப்பல்காரன் ரத்தினத்த தூக்கிடறான். இப்பவே எழுதறேன்."

"யாருக்கு?" அவள் குரலில் கோபம் இல்லை. "நீ எழுதினதுதான் நெசம் அன்பு. எல்லாருக்கும் தெரியும், எனுக்கும் தெரியும். அம்மாக்கு மட்டும் தெரியாம வெச்சிகினு இருந்தேன்."

பூ வாடிவிடும் என்று சொல்லி அவள் நடந்தாள்.

அன்பரசன் மாடியேறிப் போனைத் திறந்தான். 'தலைவா, இட்லி செம' என்று புதிதாக யாரோ எழுதியிருந்தார்கள். இட்லியை அழித்தான். தலை துவட்டுவதை அழித்தான். பிறகு 'சேரும்' என்பதை அழித்து, 'சேராது' என்று அடித்து, கண்ணில் படும்படி அதைத் தடித்த எழுத்தாக்கினான்.