முப்பத்துநாலாம் எண் வீடு

மோரீன் அப்பாவின் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "எழுது" என்றார். துணியைப் போட்டுவிட்டு, ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறுகையால் நோட்டைத் திறந்தாள்.

அப்பா எட்வின் தாக்ரே இருபத்தாறு வருஷமாக செலினா தெருவின் சரித்திரத்தை எழுதிவந்தார். விக்டோரியா ராணி காலத்தில், லீட்ஸ் நகர ஆலை குமாஸ்தாக்களுக்காக எழுந்த நாற்பது செங்கல் வீடுகள். கட்டியவர் தன் மகள் பெயரையே தெருவுக்கு வைத்தார். எந்த வீட்டில் யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள், எந்த வருஷம் கழிப்பறை வீட்டுக்குள் வந்தது என்பதுவரை எழுதியாயிற்று. பாக்கி அவருடைய வீடு மட்டும்தான்.

"முப்பத்துநாலாம் எண். 1961 முதல் எட்வின் தாக்ரே, பள்ளி ஆசிரியர். மனைவி டோரீன், 1979இல் காலமானார். மகன் கீத், பொறியாளர், கனடாவில் வசிக்கிறார். முற்றுப்புள்ளி வை."

வைத்தாள். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

"அவ்வளவுதானாப்பா?"

"வேற என்ன?"

"நான்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாக மாறியது. அவள்தான் எச்சில் கிண்ணத்தை வாயருகே பிடித்தாள்.

"நீ இங்கயேதானே கெடக்கே. இது தெருவோட சரித்திரம்மா. வீட்டுச் சாமான் பட்டியல் இல்ல."

அவருக்குப் பக்கவாதம் வந்த வருஷம் அவள் தன் நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். பதினாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நோட்டில் இருப்பதெல்லாம் அவள் கையெழுத்து.

"பன்னெண்டாம் நம்பர்ல மூணே மாசம் வேலை பாத்த பொண்ணுக்கு ரெண்டு பக்கம் எழுதினீங்க."

"எமிலியா? பாவம், பதினாலு வயசு. கால்வாயில விழுந்து செத்தா." அவர் குரல் தழுதழுத்தது. "நீ என்ன செஞ்சே, நான் எழுதறதுக்கு?"

மோரீன் நோட்டை மூடினாள். அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். தலையணையைத் தட்டிச் சாய்த்துப் படுக்கவைத்தாள்.

"கீத் எப்ப வர்றான்?"

மூன்று நாளாக, டிக்கெட் கிடைக்கவில்லையாம் என்றுதான் சொல்லிவந்தாள்.

"வரமாட்டான்."

"டிக்கெட்டு..."

"டிக்கெட்டெல்லாம் கெடைக்கும். அவனுக்கு வர இஷ்டமில்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னா போதுமாம்." போர்வையை இழுத்துவிட்டாள். "புத்தகம் வந்தா அனுப்பட்டுமான்னு கேட்டேன். அந்தக் குப்பைய என் தலையில கட்டாதேன்னுட்டான்."

சொன்னது அத்தனையும் உண்மை.

"பொய்."

"போன் போட்டுத் தரட்டுமா? அவன் வாயாலயே கேட்டுக்குங்க."

அவர் வேண்டாமென்று தலையை அசைத்தார். பிறகு சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கீழே போய்ப் பட்டாணி சூப்பைச் சுடவைத்தாள். அவசரப்படவில்லை. கிண்ணத்தோடு மேலே வந்தபோது அவர் அப்படியே கிடந்தார். தோளைத் தொட்டாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். வெளியே யாரோ தள்ளுவண்டிக் குழந்தையிடம் கொஞ்சிப் பேசிக்கொண்டு போனார்கள்.

டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கீத்துக்கும்.

மோரீன் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அவருக்காக உப்பில்லாமல் வைத்தது. எழுந்து கீழே போய் உப்பு டப்பாவை எடுத்துவந்தாள். போட்டுக் கலக்கி, ஆறுவதற்குள் முழுவதையும் குடித்தாள்.