தார்ப்பாய்க்கு அடியில் இருந்த ஸ்டார்

துக்கம் விழுந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட மாட்டோம். சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில் எங்கள் சந்து முழுக்க அது தெரியும். டிசம்பர் பிறந்தும் எங்கள் வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. எலக்ட்ரீஷியன் வேலை பார்த்த என் மகன் ஏஞ்சலோ ஜூலையில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து இறந்து போனான். யார் பண்டிகை கொண்டாடினால் எனக்கென்ன?

ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரர் மரியசூசை கூரையில் ஏறி, மழைக்கு விரித்த நீலத் தார்ப்பாயை உருவிப் போட்டார். மற்றவர்கள் தீபாவளிக்கே எடுத்துவிட்டார்கள். மகன் கையால் விரித்தது என்று இவருக்குத்தான் மனசு வரவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம். மகள் சுஜா வாசலில் உட்கார்ந்து எட்டாம் வகுப்பு ப்ராஜெக்ட் சார்ட்டுக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். வேட்டைக்காரன் மாதிரி நிற்கும் ஓரியன் நட்சத்திரக் கூட்டம், அவன் தோளில் சிவப்பாகத் திருவாதிரை. திடீரென்று சார்ட்டே சிவந்தது. நிமிர்ந்தேன். கூரை உச்சியில் சிவப்பு ஸ்டார் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"போன வருஷம் அவன் கட்டுனது, அங்கயே கெடக்கு. ஆனா அதுக்கு இப்பக் கரண்ட் கனெக்‌ஷனே கெடையாதே" என்றார் மரியசூசை. ஏஞ்சலோ டியூட்டி முடிந்து வரும் நேரம் அது.

மறுநாளும் அதே நேரத்துக்கு எரிந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்: நான் கதவைத் தாழ் போடுவதை விட்டுவிட்டேன். அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டேன். ஸ்டாரைப் பார்த்து "வந்துட்டியாய்யா" என்று கேட்கவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேரல் கோஷ்டி வந்தது. துக்க வீட்டுக்கு அவர்கள் வருவதில்லை. ஸ்டாரைப் பார்த்துத் துக்கம் கழித்துவிட்டோம் என்று நினைத்து, ட்ரம் அடித்துக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்கள். சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் ட்ரம் நின்றது. போன வருஷம் அதே ட்ரம்மை அடித்தவன் படத்தில் இருந்தான்.

"கழட்டிருங்கக்கா. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றாள் கோஷ்டியோடு வந்த விஜயராணி.

"தொட்டா கைய ஒடிப்பேன். எம்புள்ள வந்து போறான், ஒனக்கென்னட்டி?" என்றேன்.

அவர்கள் போன பிறகு சுஜா மெதுவாகச் சொன்னாள். "மம்மி, அண்ணன் வரல. தார்ப்பாய் விரிச்ச அன்னிக்குத்தான் பழைய பேட்டரி போட்டு அதுக்குள்ள சோலார் லைட் வெச்சான், எனக்குக் காட்டுனான். வெயில் பட்டா சார்ஜ் ஏறும், இருட்டுனா தானா எரியும். இவ்ளோ நாள் தார்ப்பாய் மூடியிருந்துச்சு, அவ்ளோதான்."

பளாரென்று அறையலாம் போல் ஆத்திரம் வந்தது. "ஏட்டி, மொதல்லயே ஏன் சொல்லல?"

"நீ இப்பத்தான் சோறு திங்க ஆரம்பிச்சே."

அதற்குப் பிறகும் தினம் அந்தியில் பார்த்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. எவ்வளவு வெயில் அடித்தும் பழைய பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை. சுஜா சார்ட்டைக் காட்டினாள். நட்சத்திரமும் தன் உள்ளே இருப்பதைச் செலவழித்துத்தான் ஒளிருமாம். அது தீரத் தீர ஊதிப் பெருத்துச் சிவக்குமாம். நம் சூரியன் போன்றது கடைசியில் சின்ன வெள்ளைக் கங்காகச் சுருங்கும். திருவாதிரை போன்ற பெரியது வெடித்துவிடும்.

"அது இந்நேரம் வெடிச்சிருந்தாக்கூட நமக்குத் தெரியாது மம்மி. வெளிச்சம் இங்க வந்து சேர நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் இருக்குன்னுதான நெனைப்போம்?"

"ஆமா." எனக்கு அந்தப் பாடம் பிடிக்கவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நன்றாக இருட்டியும் ஸ்டார் எரியவில்லை. மரியசூசை செம்பூர் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்து ஏணியைச் சாத்தினார்.

"வேண்டாம், எறங்குங்க" என்றேன். "புதுசு போட்டா எரியும். ஆனா அது நீங்க வெச்ச வெளிச்சம். அவன் வெச்சது முடிஞ்சிட்டு."

அன்று மூன்று பேருக்குத்தான் அரிசி போட்டேன். கதவை மட்டும் தாழ் போட முடியவில்லை.