பூர்ணிமா பேரில் மூன்று பாலிசி

ரெட்டியார்பாளையத்தில் அந்தத் தெருவுக்கே பூர்ணிமாவின் கைராசி மேல் ஒரு நம்பிக்கை. புதுக்கடை திறந்தால் முதல் போணி அவள் கையால்தான். மாடு வாங்கி வந்தால் முதல் பிடி புல்லை அவள்தான் நீட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடப் பையை இறக்குவதற்குள் யாராவது வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் பிறந்த வருசம்தான் அவளுடைய அப்பா வெற்றிவேல் கூலிக்கு வண்டி ஓட்டுவதை விட்டுச் சொந்த வண்டி எடுத்தான். அந்தப் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, இருக்கிற ஓட்டு வீட்டை அடமானம் வைத்து, போன வருசம் புதுக் குட்டியானை லோடு வண்டி வாங்கினான். சாவியை முதலில் வாங்கியதும் பூர்ணிமாதான்.

அதனால் அம்மா அமிர்தவல்லி எதைச் சேர்த்தாலும் மகள் பேரிலேயே சேர்த்தாள். தோசை மாவு விற்று மிச்சம் பிடித்த காசில் மூன்று பாலிசி. மூன்றும் பூர்ணிமா பேரில். “பொண்ணு பேர்ல போட்டு வச்சிருக்கு” என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தவளின் நிம்மதி.

வெற்றிவேல் பேரில் ஒன்றும் கிடையாது. பாலிசி என்றாலே அவனுக்குப் பயம், சின்ன வயதில் கண்ணால் பார்த்தது அது. அவனுடைய அப்பா ஒரு பாலிசிக்குக் கையெழுத்துப் போட்டார்; அடுத்த ஆடிக்கு ஆள் இல்லை. “எமனுக்கு நம்ம விலாசத்த நாமளே எழுதிக் குடுக்கறதா?” என்பான். அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவான்.

இரண்டாயிரத்தெட்டு, கார்த்திகை மாசம். மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இந்திரா காந்தி சிலைப் பக்கம் இடுப்பளவு தண்ணீர் என்றார்கள். அன்றைக்கு விடியும் முன்பே வெற்றிவேல் கடலூருக்கு டைல்ஸ் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு அடித்தால், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. டிவியில் தென்பெண்ணையாற்றைக் காட்டினார்கள். அவன் திரும்பி வர வேண்டிய பாலத்தின் தூண் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அமிர்தவல்லியின் அக்கா புருசன் கோவிந்தராசு, தலையில் ஹெல்மெட்டும் சட்டைக்கு மேலே பாலிதீன் பையுமாக வந்து நின்றான். பாலிசி ஏஜென்ட் அவன்தான்.

“என்னா மாமா, இந்த மழையில?”

“டியூ தேதி மழைக்கு லீவு விடுமாம்மா?”

அவள் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். டீ போட்டாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்ததே ஒழிய, காது தெருமுனையில் இருந்தது. ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு ஓடி எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, மனசைத் தேற்றிக்கொள்ளத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள், வேறெதற்கும் இல்லை.

“மாமா, வாயில வைக்கக் கூடாத பேச்சு. சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா, இந்த மூணுத்துலயும் வர்றத வச்சு வண்டிக் கடன அடைச்சி வீட்ட மீட்டுடலாமில்ல?”

கோவிந்தராசு டீ கிளாசைக் கீழே வைத்தான்.

“அவர் பேர்ல ஒண்ணுமே இல்லயேம்மா.”

“பொண்ணு பேர்ல இருக்கே. அவருக்கு அப்புறம் பொண்ணுக்குத்தான வரும்?”

“பொண்ணு பேர்லன்னா பொண்ணு உசுருக்கும்மா. அவளுக்கு ஏதாவது...” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். “அது சேமிப்பு மாதிரி. கெடு முடிஞ்சா அவ கைக்கு வரும். அதுவும் விடாம கட்டணும். சகல இல்லன்னா நீ எதக் கொண்டு கட்டுவ?”

அமிர்தவல்லிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் மாவாட்டி மாவாட்டி அவள் கட்டியது இதற்கா? மனுசன் ஆற்றோடு போனால் சல்லிக்காசு வராது. பெற்ற பிள்ளைக்கு ஏதாவது ஆனால் வரும். அப்படி ஒரு காகிதத்தை அவளே கேட்டு வாங்கி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள். அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“முன்னமே சொல்றதுக்கு என்னா மாமா?”

“சொன்னேனே. சகல பேர்ல போடலாம்னேன். மனுசன் எழுந்து வெளிய போகச் செருப்பத் தேடினாரு. நீயும், பாப்பா கைராசி மாமா, அவ பேர்லயே இருக்கட்டும்ன. அதோட நானும் விட்டுட்டேன். இதுல எனக்குக் கமிசன் ஜாஸ்திதான். பொய் சொல்லல.”

“அப்ப இவருக்கு என்னாதான் வழி?”

“அவர் உசுருக்கு மட்டும்னு ஒண்ணு இருக்கு. கட்றது கொஞ்சம், வர்றது பெருசு. ஆனா ஒண்ணும் ஆகலன்னா கட்டினது திரும்பி வராது.”

“அப்ப அது வீண்தான?”

“ஏம்மா, குட்டியானைக்கு வருசா வருசம் இன்சூரன்ஸ் கட்றீங்களே, இந்த வருசம் எதுலயும் மோதலயேன்னு ஒக்காந்து அழறீங்களா?”

 ஆற்றில் விழுந்தால் வண்டிக்குக் காசு வரும். வண்டிக்குள் இருக்கிறவனுக்கு வராது. கோவிந்தராசு ஒரு விண்ணப்பப் பாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “சகல வந்ததும் பேசிப் பாரு” என்று மழையில் இறங்கினான். வந்ததும் என்றானே, வரட்டும் முதலில்.

அதற்கு மேல் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். பூர்ணிமா மற்ற பிள்ளைகளோடு வராந்தாவில் நின்று கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். முழுசாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அமிர்தவல்லி அவளை அப்படியே அள்ளி அணைத்துத் தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

“என்னாம்மா? எனக்கு ஒண்ணும் ஆகல. விடும்மா, பசங்க பாக்கறாங்க.”

திரும்பும் வழியில் ஹார்டுவேர் கடை யாகூப் பாய் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். “பாப்பா! புது கல்லாப்பெட்டி வந்திருக்கு. ஒரு ரூவா போட்டுட்டுப் போடா கண்ணு!”

பூர்ணிமா வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு நகர்ந்தாள். அமிர்தவல்லி அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

“வேணாம் பாய். அவ கைய இனிமே யாரும் கேக்காதீங்க.”

பாய் திகைத்துப்போய் நின்றார். அவர் என்ன பாவம் செய்தார்! ஆனால் அவளுக்கு அன்றைக்கு அந்தச் சின்னக் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு குடும்பத்தின் பாரம் முழுக்க அதில் ஏற்றி வைத்தது யார்? அவள்தானே.

சாயங்காலம் வரைக்கும் போன் வாயைத் திறக்கவில்லை. பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்று ஒருவன் சொன்னான். ஒரு லாரி கவிழ்ந்தது என்று இன்னொருவன் சொன்னான். லாரியா, குட்டியானையா என்று கேட்க வாய் வரவில்லை அவளுக்கு.

விளக்கு வைக்கிற வேளையில் தெருமுனையில் அந்த ஹார்ன் கேட்டது. வெற்றிவேல் இறங்கினான், எலும்புவரை நனைந்து. பின்னால் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து அவனுடைய அக்கா சின்னப்பாப்பா இறங்கினாள். கூடவே கிரைண்டர், பாய், கூடையில் நாலு கோழி. அரியாங்குப்பத்தில் அவள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. “பாலத்துல நிறுத்தி வச்சி சாயங்காலந்தான் விட்டாங்க. வர்ற வழியில அக்காவ ஏத்திக்கிட்டேன். போன் தண்ணில விழுந்துடுச்சி” என்றான் அவன், ஏதோ குடையைத் தொலைத்தவன் மாதிரி.

அமிர்தவல்லி அழவில்லை. துண்டை எடுத்துக் கொடுக்கவில்லை. மேசைமேல் இருந்த பாரத்தை எடுத்து நீட்டினாள்.

“கையெழுத்துப் போடுங்க.”

“என்னா இது?”

“ஒங்க உசுருக்கு.”

அவன் முகம் கறுத்தது. “வந்ததும் வராததுமா சாவுப் பேச்சா? எங்கப்பா போட்டாரே கையெழுத்து, போதாதா? நானும் போட்டு, அடுத்த ஆடிக்கு நீ...”

“டேய் வெற்றி!” கோழிக்கூடையோடு நின்ற சின்னப்பாப்பா குறுக்கே வந்தாள். “அப்பா வரப்புல பாம்பு கடிச்சிப் போனாரு. பாம்பு என்னா, பாலிசியப் படிச்சிட்டாடா வந்து கடிச்சுது?”

“ஒனக்குத் தெரியாதுக்கா.”

“எனக்குத் தெரியாது? நீ ஆறு வயசு. நான் பதிமூணு. அதுக்கப்புறம் நம்ம வீட்டுல உல எப்பிடிக் கொதிச்சுது? நீ எதுல படிச்ச?”

“நம்ம தாய்மாமா குடுத்தாரு. அம்மா சொல்லும்.”

“மாமாவா!” அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் படபடத்தன. “அந்த ஆளு கருமாதிக்கே கடனா அரிசி குடுத்தாரு. அது அப்பா பாலிசிக் காசுடா. அப்பன் செத்த காசுன்னு தெரிஞ்சா இவன் சோறு தின்ன மாட்டான், மாமா குடுத்ததுன்னு சொல்லுன்னு அம்மாதான் என் வாயக் கட்டிச்சி. நான் தாலி கட்டிக்கிட்டதும் அந்தக் காசுலதான்.”

 வெற்றிவேலின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஈரக் காலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கையெழுத்துப் போட்ட அப்பாவை மட்டும்தான் அவன் இத்தனை வருசம் நினைவில் வைத்திருந்தான். அதற்குப் பிறகும் அவர் சோறு போட்டுக்கொண்டிருந்தார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மழை வெறித்திருந்தது. வண்டியை எடுக்கும் முன் அவனாகவே பாரத்தைக் கேட்டான். வண்டியின் பின்பலகை மேல் விரித்தான். “பாப்பா, பேனாவ ஒன் கையால எடுத்துக் குடு” என்றான், பழக்க தோஷத்தில்.

பூர்ணிமா பேனாவோடு ஓடி வந்தாள். அமிர்தவல்லி நடுவிலேயே அதை வாங்கிக்கொண்டாள்.

“நீ போய்ச் சடை பின்னிக்க. இது எங்க வேல.”

அவன் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணாந்து மேலே பார்த்தான், வேப்பமரத்தைப் பார்த்தான், காலுக்கடியில் பாம்பு இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தான். பிறகு வண்டியில் ஏறி, தெருவே வேடிக்கை பார்க்க, ஆமை நகர்கிற மாதிரி ஓட்டிக்கொண்டு போனான். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணி அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அவனை முந்திக்கொண்டு போனான்.

“பாரு அமிர்தம்” என்றாள் சின்னப்பாப்பா. “எமன ஏத்திக்கிட்டுப் போறவன் மாதிரி ஓட்றான்.”

“அப்பிடியே ஓட்டட்டும் அண்ணி.”

வண்டி மூலக்குளம் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். பயம் போய்விடவில்லை, எப்படிப் போகும்?  உள்ளேயிருந்து ரிப்பனை நீட்டிக்கொண்டு பூர்ணிமா வந்தாள். அமிர்தவல்லி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரலெல்லாம் மசி. நகம் வளர்ந்திருந்தது, வெட்டிவிட வேண்டும்.